அபிதானமும் அரைப்பேரும்



சென்ற தவணை எங்கள் கல்லூரியில் பத்தாந்தர மாணவர்களுக்குப் பொது அறிவுப் போட்டி ஒன்று நடத்தினோம். கேள்விகளைத் தயாரிக்கும் வேலை வழக்கம்போலத் தமிழாசிரியனான என் தலையில் விழுந்தது. கடையில் விற்கும் பொது அறிவுப் புத்தகம் ஒன்றை வாங்கி ஐம்பது கேள்விகளைப் பெயர்த்தெழுதி ஒப்பேற்றி விடலாம். ஆனால் உலகின் நீளமான நதி எது, பெனிசிலினைக் கண்டவர் யார் என்பவற்றையெல்லாம் பிள்ளைகள் எப்போதோ நெட்டுருப் போட்டு விட்டார்கள். ஆகவே இம்முறை பாதிக் கேள்விகளை நாம் வாழும் ஊவாவிலிருந்தே எடுப்பது என்று தீர்மானித்தேன்.

எல்ல என்ற சிங்களச் சொல்லுக்குப் பொருள் யாது? அருவி. பதுளைக்குப் புகையிரதம் வந்து சேர்ந்த ஆண்டு எது? 1924. நமுனுகுலை மலையின் உயரம்? 2036 மீற்றர். பிள்ளைகள் பட்பட்டென்று விடை சொன்னார்கள். அடுத்த கேள்வி தெமோதரையைப் பற்றியது. எல்லவிலிருந்து பதுளைக்குப் போகும் புகையிரதம் ஒன்பது வளைவுப் பாலத்தைக் கடந்து தெமோதரை நிலையத்தில் நிற்கிறது. பின்னர் ஒரு குன்றைச் சுற்றிக்கொண்டு இறங்கி, சற்று முன்னர் தான் நின்ற அதே நிலையத்தின் அடியில் ஒரு சுரங்கத்துள் நுழைந்து வெளியேறுகிறது. சரிவு அதிகமான இடத்தில் நேராக இறங்க முடியாமையால் பொறியியலாளர்கள் கண்ட உபாயம் இது.

இந்த உபாயத்துக்கு ஒரு கதையும் உண்டு. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர பாதையைக் கொண்டு செல்ல வழி தெரியாமல் யோசித்துக்கொண்டிருந்தாராம். அப்போது தோட்டத்துக் கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடியும் தலையைச் சுற்றிக் கட்டினாராம். அதைக் கண்டதும் பொறியியலாளருக்கு வழி பிறந்துவிட்டதாம். உண்மையில் நடந்ததோ, சொல்லிச் சொல்லி வளர்ந்ததோ, எங்கள் பக்கத்தில் அதைச் சொல்லாதவர் கிடையாது. நானும் போட்டி முடிவில் சுவைக்காகச் சொல்லிவைத்தேன்.

கடைசி வாங்கில் இருந்த ஒரு மாணவி எழுந்தாள். தோட்டத்துப் பிள்ளை. அதிகம் பேசாதவள். "அந்தக் கங்காணியோட பேர் என்ன சேர்?" என்று கேட்டாள்.

தெரியாது என்றேன். "கதையிலகூடவா பேர் இல்ல?" என்றாள்.

அந்தக் கேள்வி அன்று மாலை என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. விமலசுரேந்திர 1874இல் பிறந்து 1953இல் காலமானார், லக்சபான நீர்மின் திட்டத்துக்கு வித்திட்டவர் என்பதை எந்தத் தகவல் நூலும் சொல்லும். தலைப்பாகைக்காரரைப் பற்றி எந்த நூலும் சொல்லாது. இன்றைய பேச்சுக்கு இதுவே அடி. ஒருவருடைய பெயர் எப்படி ஒரு நூலுக்குள் போகிறது? நம்முடைய தமிழில் அந்த வேலையை யார் யார் செய்தார்கள்? எங்கள் மலைகளின் பெயர்கள் ஏன் இன்னும் வெளியில் நிற்கின்றன?

தமிழுக்கு இந்தத் தொழில் புதிதல்ல. நிகண்டுகள் செய்தது இதைத்தான். திவாகர நிகண்டின் பன்னிரண்டு தொகுதிகளைப் பாருங்கள். தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர் என்று வரிசையாகப் போகும். உலகத்தைப் பெயர்களாகப் பகுத்து அடுக்கிவைத்த முறை அது. ஆனால் நிகண்டு மனனம் பண்ணுவதற்கானது. ஒரு பெயரை எடுத்து, அவர் யார், எங்கே வாழ்ந்தார், என்ன செய்தார் என்று வசனத்தில் விரித்துச் சொல்வது அதன் வேலையன்று. அகரவரிசையில் அப்படிச் சொல்லும் நூலுக்கு அச்சு யந்திரமும் பள்ளிக்கூடமும் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வந்தபோது முந்திக்கொண்டவர்கள் இலங்கையர். இதைப் பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பாதகமில்லை. கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் இலங்கையின் ஊர்கள், ஆறுகள், மலைகள் யாவற்றையும் அகரவரிசைப்படுத்தி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். இடப்பெயர் அகராதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. 1859இல் அவரே 'தமிழ் புளூராக்' என்ற நூலில் ஏறத்தாழ இருநூறு தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தந்தார். அதுவும் ஆங்கிலமே. தமிழிலேயே அந்த முயற்சியைச் செய்தவர் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை. 'உதயதாரகை'யின் ஆசிரியராயிருந்த அவருடைய 'பாவலர் சரித்திர தீபகம்' 1886இல் வெளிவந்தது. நானூறுக்கு மேற்பட்ட புலவர்கள் அதில் இடம்பெற்றார்கள்.

அடுத்து மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை. 1902இல் அவர் யாழ்ப்பாணத்தில் வெளியிட்ட 'அபிதானகோசம்' தமிழில் எழுந்த முதல் இலக்கியக் கலைக்களஞ்சியம் என்று சொல்லத்தக்கது. அபிதானம் என்றால் பெயர். கோசம் என்றால் பொக்கிசம். பெயர்களின் பொக்கிசம். புராண இதிகாசப் பாத்திரங்களும் புலவர்களும் அரசர்களும் தலங்களும் அதில் அகரவரிசையில் வந்து நின்றார்கள். ஒரு தனிமனிதர், இன்றுள்ள வசதி எதுவுமில்லாமல், ஏட்டையும் அச்சுநூலையும் புரட்டிப் புரட்டிச் சேர்த்தது. பத்தாண்டு கழித்து, 1912இல், அவரே யாழ்ப்பாணச் சரித்திரத்தையும் எழுதினார்.

தமிழகத்தில் இதே வேலையைப் பன்மடங்கு பெரிதாகச் செய்தவர் ஆ. சிங்காரவேலு முதலியார். சென்னைப் பச்சையப்பன் பள்ளியில் தமிழ்ப் பண்டிதராயிருந்தவர். என்னைப்போல ஒரு வாத்தியார்தான். 1890ஐ ஒட்டித் தொடங்கிய வேலை 1910இல்தான் 'அபிதான சிந்தாமணி' என்ற பெயரில் வெளிவந்தது. எழுதி முடித்ததைவிட அச்சேற்ற ஆள் தேடியதே அவருக்குப் பெரும்பாடாயிற்று. கடைசியில் பாண்டித்துரைத் தேவர் கைகொடுக்க, மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட நூல். முதலியார் விடவில்லை. மேலும் மேலும் சேர்த்துக்கொண்டே போனார். 1931இல் கண்மூடினார். விரிந்த இரண்டாம் பதிப்பு 1934இல் வந்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை.

சுதந்திரத்துக்குப் பின்னர் தி. சு. அவினாசிலிங்கம் அவர்களின் தமிழ் வளர்ச்சிக் கழகமும் முதன்மை ஆசிரியர் பெரியசாமித் தூரனும் சேர்ந்து கொண்டுவந்த கலைக்களஞ்சியத்தைப் பற்றி நேயர்கள் அறிவார்கள். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள். பலர் கூடி இழுத்த தேர் அது. எனக்கென்னவோ தனியாளாக இழுத்தவர்களிடத்திலேயே மனம் போகிறது. தனியாள் நூலில் பிழை இருக்கும். ஒருதலைச் சாய்வும் இருக்கும். ஆனால் எந்தப் பெயரைச் சேர்த்தார், எதை விட்டார் என்பதில் அந்த மனிதரின் முகம் தெரியும்.

மனிதரும் இடமும் இப்படி என்றால், அறிவியற் சொற்களின் கதை இன்னொரு மாதிரி. அமெரிக்காவிலிருந்து 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, தமிழ் இளைஞர்களுக்குத் தமிழிலேயே மேலைத்தேய மருத்துவத்தைக் கற்பித்தார். கற்பிக்கச் சொல் வேண்டுமல்லவா? அவர் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடு. இல்லாவிட்டால் வடமொழியில் தேடு. அங்கும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு ஏற்ப எடுத்துக்கொள். அப்படிப் பிறந்ததுதான் 'கெமிஸ்தம்'. இரசாயன நூலுக்கு அவர்கள் இட்ட பெயர். 1873இல் அவர் நாடு திரும்பிய பின்னர், 1875இல் அது வெளிவந்தது. உடற்கூற்று நூலுக்கு வைத்த பெயர் 'மனுஷ அங்காதிபாதம்'. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பழைய பாட்டுக்காரரின் கேசாதிபாதம் நினைவுக்கு வரவில்லையா? உச்சி முதல் உள்ளங்கால் வரை வருணித்த மரபைச் சத்திரசிகிச்சை மாணவனுக்கு உதவவைத்த சாதுரியம் அது.

கெமிஸ்தம் நிலைக்கவில்லை. இரசாயனம் நிலைத்தது. 1950களிலும் 60களிலும் நம் பாடசாலைகளில் விஞ்ஞானம் தமிழில் நடக்கத் தொடங்கியபோது அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளைத் தந்தது. நாம் அந்தச் சொற்களில் படித்தோம். தமிழகம் வேறு வழியில் போயிற்று. நாம் பௌதிகவியல் என்பதை அவர்கள் இயற்பியல் என்பார்கள். நம் ஒளித்தொகுப்பு அவர்களுக்கு ஒளிச்சேர்க்கை. நம் கலம் அங்கே செல். இவை பரவாயில்லை, பார்த்த உடனேயே வேறு சொல் என்று தெரிந்துவிடும். ஆபத்து மற்ற வகையில் இருக்கிறது. நாம் திணிவு என்பதை அவர்கள் நிறை என்கிறார்கள். நாம் நிறை என்பதை அவர்கள் எடை என்கிறார்கள். நாம் கதி என்பது அவர்களுக்கு வேகம். நாம் வேகம் என்பது அவர்களுக்குத் திசைவேகம். அதாவது ஒரே சொல், இரு கரையிலும் இரண்டு பொருள்.

இது பண்டிதர் சண்டை என்று தள்ளிவிட முடியாது. சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் மாணவன் ஒருவன், தமிழகத்திலிருந்து உறவினர் கொணர்ந்த நல்ல நூல் ஒன்றைப் படித்துவிட்டுப் பரீட்சையில் நிறைக்கு அலகு கிலோகிராம் என்று எழுதினான். அந்த நூலின்படி சரி. நம் பாடத்திட்டத்தின்படி நிறை ஒரு விசை, அதன் அலகு நியூற்றன். புள்ளி போயிற்று. அவனுக்கு விளங்கவேயில்லை. "புத்தகத்துல அப்புடித்தானே சேர் போட்டிருக்கு" என்று அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினான். அன்று விஞ்ஞான ஆசிரியரும் நானும் அரை மணித்தியாலம் அவனோடு உட்கார்ந்தோம்.

சரி, ஊவாவுக்குத் திரும்புவோம். எங்கள் மாகாணத்துக்கு அறிவியற் பெயர்ப் பட்டியலில் ஓரிடம் உண்டு என்பதைப் பலர் அறியார். பதுளைக்குக் கிழக்கே மடுல்சீமை இருக்கிறது. 1869இல் அங்கே கோப்பிச் செடிகளின் இலைகளில் செம்மஞ்சள் நிறத் துருப்போல ஒன்று படர்ந்தது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவெய்ற்ஸ் நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பார்க்கிலி என்ற பூஞ்சண ஆய்வாளர் அதற்கு 'ஹெமிலேயா வாஸ்டாட்றிக்ஸ்' என்று பெயர் சூட்டினார். முதற் சொல் பாதி வழுவழுப்பு என்பதைக் குறிக்கும். அந்தப் பூஞ்சணத்தின் வித்தி ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருக்கும். இரண்டாவது சொல் இலத்தீனில் 'பாழாக்குபவள்' என்று பொருள்படும். பெயர் பலித்துவிட்டது. 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் ஆய்வாளர் வந்து ஆராய்ந்தும் கோப்பியைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இலங்கைக் கோப்பி சரிந்துபோயிற்று. தேயிலை வந்தது.

கவனித்தீர்களா நேயர்களே? அனுப்பியவர் பெயர் தெரியும். பெயர் சூட்டியவர் பெயர் தெரியும். ஆராய்ந்தவர் பெயர் தெரியும். பூஞ்சணத்துக்கும் ஈருறுப்புப் பெயர் உண்டு. அந்த மலையில் கோப்பிப் பழம் பறித்துக்கொண்டு நின்று, இலையில் தூள் ஒட்டியதை விரலால் தொட்டுப் பார்த்திருக்கக்கூடிய தொழிலாளிகளில் ஒருவர் பெயரும் இல்லை.

தேயிலையின் கதையும் அவ்வாறே. 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் 1892இல் இறந்தபோது, தோட்டத்துத் தொழிலாளர் அவரது உடலைக் கண்டி வரை சுமந்து சென்றார்கள். 'சாமித்துரை' என்று அவரை அழைத்தவர்கள் அவர்கள். டெய்லர் 246 இறாத்தல் எடையுள்ளவர் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள். சுமந்த தோள்கள் யாருடையவை என்று எழுதவில்லை. பதுளையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த மேஜர் ரொஜர்ஸ் 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து மாண்டவர். 1400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்பது அவர் புகழ். அவருக்கும் நூல்களில் இடம் கிடைத்திருக்கிறது. யானைகளைப் பற்றி நான் பேச வரவில்லை.

காசிச்செட்டியை இதில் குறைசொல்ல முடியாது. 1834இல் எங்கள் பெருந்தோட்டங்களே இல்லை. அவர் நூலில் அவை இல்லாதது இயற்கை. முத்துத்தம்பிப்பிள்ளையின் காலத்தில் இருந்தன. ஆனால் அவரது நாட்டம் புராணத்திலும் புலவரிடத்திலும் இருந்தது. லயத்துக் காம்பராவில் வாழ்பவனின் பெயர் ஒரு அபிதானம் என்று அன்று யாருக்கும் தோன்றியிராது.

ஆனால் பெயர்கள் எழுதப்படாமலில்லை. தினமும் எழுதப்பட்டன. தோட்டத்தில் 'செக்ரோல்' என்று ஒரு புத்தகம் உண்டு. யார் வேலைக்கு வந்தார் என்று கணக்கப்பிள்ளை பதியும் பேரேடு. அதில் ஒரு நாள் வேலைக்குத் தோட்டத்துப் பேச்சில் என்ன சொல் தெரியுமா? 'பேர்'. "இந்த மாசம் எத்தன பேர் விழுந்திருக்கு?" என்றால் எத்தனை நாட் சம்பளம் என்று அர்த்தம். முழுநாள் வேலைக்கு ஒரு பேர். பிந்தி வந்தாலோ கொழுந்து குறைந்தாலோ அரைப்பேர். அபிதானம் என்ற சொல்லுக்குப் பெயர் என்று பொருள் சொன்னேனே, அதே பெயர்தான். மலையில் அதைப் பாதியாக வெட்டவும் முடிந்திருக்கிறது.

இந்தக் குறையை நிரப்ப முயன்றவர்கள் மலையகத்திலேயே உண்டு. கோ. நடேசையர் பத்திரிகை வழியாகத் தொழிலாளரின் வாழ்வை எழுத்துக்குக் கொண்டுவந்தார். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டந்தோட்டமாகப் போய் மக்கள் பாடல்களைச் சேகரித்தார். சாரல்நாடன் 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' முதலிய நூல்களால் முன்னோடிகளின் வரலாற்றை மீட்டுத் தந்தார். 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவும் 2005இல் நூலகம் என்ற இணைய நூல்வைப்பகமும் தொடங்கின. இரண்டிலும் முன்நின்றவர்கள் ஈழத்தவர்கள் என்பது முத்துத்தம்பிப்பிள்ளையின் மரபு அறுந்துவிடவில்லை என்பதற்குச் சாட்சி. இருந்தும் தலைவர்களும் எழுத்தாளர்களும் நூலுக்குள் போன அளவுக்குச் சாதாரண பெயரும் சொல்லும் போகவில்லை.

ஆகவே பத்தாந்தரத்துக்கு ஒரு வேலை கொடுத்தேன். நூற்றிருபது பக்கக் கொப்பி ஒன்றை வாங்கி ஓரத்தில் அ, ஆ என்று வெட்டினோம். ஒவ்வொருவரும் வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு ஓர் ஆள், ஓர் இடம், ஒரு தொழிற்சொல் என்று மூன்று பதிவுகள் கொண்டுவர வேண்டும். அபிதானகோசத்தைப் போல எழுத வேண்டும். பெயர், அது எதைக் குறிக்கும், எங்கே வழங்கும், அவ்வளவுதான். அலங்காரம் கூடாது.

தொழிற்சொற்கள் முதலில் வந்தன. பெரட்டு: காலையில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் இடம். மட்டக்கம்பு: கொழுந்தெடுக்கும் மட்டம் சரியா என்று பார்க்கச் செடிமேல் வைக்கும் நீண்ட தடி. கவ்வாத்து: தேயிலையைத் தறித்துக் கட்டையாக்குதல். இதற்கு நகரத்துப் பையன் ஒருவன் 'படைப்பயிற்சி' என்று எழுதிக்கொண்டு வந்தான். அகராதியில் கவாத்தைத் தேடியிருக்கிறான். பக்கத்து வாங்குப் பையன் வயிறு குலுங்கச் சிரித்தான். அவனுடைய அப்பா கவ்வாத்துக் கத்தி பிடிப்பவர்.

கச்சான் என்ற சொல்லில் வகுப்பு இரண்டுபட்டது. வறுத்து விற்கும் கடலை என்றது ஒரு பக்கம். காற்று என்றது மறுபக்கம். இரண்டும் சரி. தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டுபோய் ஊவாப் பக்கம் இறங்குகிறது. யூலை முதல் செப்டெம்பர் வரை அந்த வறட்சியில் வாடும் கொழுந்திலேதான் ஊவாத் தேயிலையின் பேர்போன மணம் ஏறுகிறது. அந்த மணத்துக்கு முக்கிய காரணமான பொருளை இரசாயனவியலார் மெதைல் சலிசிலேற்று என்பார்கள். தசைவலித் தைலங்களில் மணப்பதும் அதுவே. விஞ்ஞான ஆசிரியர் இதைச் சொன்னதும் ஒரு மாணவி, "அதான் எங்க அம்மாயி கச்சான் கொழுந்த மோந்து பாத்தே சொல்லும் சேர்" என்றாள். கச்சான் என்ற பதிவில் மெதைல் சலிசிலேற்றும் அம்மாயியும் சேர்ந்தே இடம்பெற்றார்கள்.

இடப்பெயர்கள் சிக்கலாக இருந்தன. தோட்டத்துக்குக் கம்பனி வைத்த பெயர் ஒன்று, ஊர்ப்பெயர் ஒன்று, நம் ஆட்கள் சொல்லும் பெயர் ஒன்று. மலைகளுக்கு நம்பர் உண்டு. ஆனால் ஆட்கள் நம்பரை மட்டும் சொல்வதில்லை. ஒரு தோட்டத்தில் ஒரு மலை ஒரு பெண்ணின் பெயரால் வழங்குகிறது. முதன்முதலில் அங்கே கொழுந்தெடுத்தவர் அவர் என்றார் ஒரு பாட்டி. இல்லை, அங்கே மண்சரிவில் போனவர் என்றார் இன்னொருவர். இரண்டையும் எழுதச் சொன்னேன். அந்தக் குடும்பம் இன்றும் அங்கே இருப்பதால் பெயரை வானொலியில் சொல்லாமல் விடுகிறேன். பெயரைப் பதிய வேண்டும் என்று வாதாட வந்த நானே ஒரு பெயரை மறைப்பது எனக்குத் தெரியாமலில்லை.

ஆட்களின் பெயர்களில்தான் நான் எதிர்பாராதது நடந்தது. பலர் சொல்ல மறுத்தார்கள். ஒரு மாணவனின் தாத்தா கொப்பியைக் கண்டதும் அவனை ஏசி அனுப்பிவிட்டாராம். நானே போனேன். தேத்தண்ணி தந்து மரியாதையாகத்தான் பேசினார். "வாத்தியாரய்யா, எங்க பேர எழுத வந்தவுங்க நல்லதுக்கு வந்ததில்ல. ஒருக்கா எழுதுனாங்க, பிரஜை இல்லன்னாங்க. இன்னொருக்கா எழுதுனாங்க, எங்க அண்ணன் குடும்பத்த கப்பல்ல ஏத்துனாங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தையும் 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தையும் நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர் என்று எண் பிசகாமல் சொல்வேன். மிச்சமிருந்த பிரச்சினையைத் தீர்க்க 2003இல் ஒரு சட்டம் வந்ததையும் சொல்வேன். அந்த எண்களில் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கொப்பியோடு வந்து வாசலில் நின்று கேட்டு எழுதிக்கொண்டு போன பெயர் என்று அதற்கு முன் எண்ணிப் பார்த்ததில்லை. அவருடைய தமையனார் போன இடம் நீலகிரிப் பக்கம். அங்கேயும் தேயிலைதான்.

அவர் பெயரை நான் எழுதவில்லை. ஆனால் எழும்பிப் போகும்போது அவராகவே, "வேணும்னா எங்க அப்பா பேர எழுதிக்கங்க. அவர இனி எங்கயும் ஏத்த மாட்டாங்க" என்றார். தகப்பனார் புகையிரதப் பாதை வேலையில் கல் உடைத்தவராம். எந்தப் பகுதியில் என்று அவருக்கு நினைவில்லை. இருந்தவரை எழுதிக்கொண்டேன். அதன் பிறகு ஒரு விதி செய்தோம். இருப்பவர் பெயரை அவர் சொன்னால் மட்டும் எழுதுவது. இறந்தவர் பெயரை வீட்டார் சம்மதித்தால் எழுதுவது. அபிதானகோசக்காரருக்கு இந்தச் சங்கடம் இருந்திராது. அவர் எழுதிய பெயர்களில் பெரும்பாலானவை புராணத்தில் இருந்தன.

கொப்பி இப்போது 'ப' வரை வந்திருக்கிறது. 'த'வில் தப்பு என்ற பறை வாத்தியம் குற்றம் என்ற தப்போடு ஒரே வரியில் வந்து நின்று எங்களைச் சிரிக்கவைத்தது. எழுத்துப் பிழைகளைத் திருத்துகிறேன். பேச்சுச் சொல்லைத் திருத்துவதில்லை.

தலைப்பாகைக் கங்காணியைக் கேட்ட மாணவியின் பதிவு 'க' வரிசையில் இருக்கிறது. அவள் தெமோதரைப் பக்கத்தில் மூன்று பேரிடம் விசாரித்திருக்கிறாள். ஒருவர் ஒரு பெயர் சொன்னார். மற்றவர் வேறு பெயர் சொன்னார். மூன்றாமவர் அப்படி ஒருவரே இல்லை என்றார். அவள் எழுதியது இவ்வளவுதான்: "கங்காணி, தெமோதரை. தலப்பா கட்டினவர். பேர் கேட்டுக்கொண்டிருக்கிறோம்." தலப்பாவை நான் தலைப்பாகை ஆக்கவில்லை. அதன் கீழே இரண்டு வரி வெற்றிடம் விட்டிருக்கிறாள். அந்தப் பக்கத்து நேயர்கள் யாருக்காவது தெரிந்திருந்தால் வானொலி நிலையத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். அவளிடம் சேர்ப்பிக்கிறேன்.